பத்து வலைக்காரனும் ஒரு வலைக்காரனும்

தலைப்பைப் பார்த்ததும் இவன் மறுபடியும் ஏரிக் கதையை ஆரம்பித்துவிட்டான் என்று நினைப்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதி செல்போன் விளையாட்டைப் பற்றியது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிழவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டில் வயசுப் பேரன் இருந்தால் எல்லா வேலையும் தானாகத் தேடி வரும்.

என் மகள் வயிற்றுப் பேரன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். லைட்ஹவுஸ் குப்பத்துப் பசங்களில் பாதிப் பேர் மாதிரி அவனும் பிஜிஎம்ஐ ஆடுகிறவன். பப்ஜி என்றால் உங்களுக்குப் புரியும். அதேதான், பெயர் மாறிவிட்டது. மற்ற பசங்கள் பொழுதுபோக்குக்கு ஆடுகிறார்கள். இவன் கொஞ்சம் நன்றாகவே ஆடுவான் போலிருக்கிறது. வெளி மாநிலத்திலிருந்து ஒரு சின்ன டீம் இவனைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் ஒரு வீடு எடுத்து ஐந்து பசங்களைத் தங்க வைப்பார்களாம். சாப்பாடு, இன்டர்நெட் எல்லாம் அவர்கள் செலவு. மாசம் ஒரு தொகையும் உண்டு. ஆனால் காலேஜ் கீலேஜ் என்று எதிலும் சேரக் கூடாது, ஒரு வருஷம் முழுநேரமும் ஆட்டம்தான்.

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நைனா, நீயாச்சும் அவனுக்குச் சொல்லு" என்று என்னிடம் வந்து நின்றாள். மாப்பிள்ளை கடலுக்குப் போகிற ஆள், அதிகம் பேச மாட்டார். "எனக்கு இதுல ஒண்ணும் புரியல மாமா. நீங்க கணக்குத் தெரிஞ்சவங்க, பார்த்துச் சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டு வலை பிரிக்கப் போய்விட்டார்.

கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "உன்னைக் கூப்பிடறவன் எப்படிப் பிழைக்கிறான்னு அப்புறம் பார்ப்போம். இந்தத் தொழில்ல பெரிய கம்பெனி எது, அது எப்படி வளர்ந்ததுன்னு முதல்ல சொல்லு" என்றேன்.

"இன்னா தாத்தா, நோட்டு எடுத்துனு வந்துட்ட?" என்று சிரித்தான். ஆனால் சொன்னான். நாலைந்து சாயங்காலம் சொன்னான். அவன் சொன்னதைப் பேப்பரிலும் நெட்டிலும் தேடிச் சரிபார்த்துக்கொண்டேன். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இதே பிரச்சினை ஓடுகிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இந்தத் துறையில் முதலில் வாயில் வருகிற பெயர் எஸ்8யூஎல். 'சோல்' என்று படிக்க வேண்டுமாம். நடுவில் ஏன் எட்டு என்று கேட்டேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது. மும்பைக்காரர் நமன் மாத்தூர், 'மார்ட்டல்' என்ற பெயரில் ஆடுகிறவர், பப்ஜி மொபைல் வந்த புதிதில் 'டீம் சோல்' என்று ஒன்று கட்டினார். 2019-இல் அந்த டீம் இந்தியப் போட்டியில் ஜெயித்து, ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் நடந்த உலகப் போட்டிக்குப் போனது. இன்னொரு பக்கம் அனிமேஷ் அகர்வால் என்பவர் '8பிட்' என்று நடத்திக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரும் லோகேஷ் ஜெயின் என்பவரும் சேர்ந்து 2020-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். சோலுக்குள் எட்டைச் செருகியதால் எஸ்8யூஎல். இரண்டு பங்காளி வீட்டுப் படகை ஒன்றாக்கி இரண்டு குலசாமி பெயரையும் சேர்த்து எழுதுவது மாதிரி.

இந்த 2020-ஐ நான் நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்த வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. லட்சக்கணக்கான பேர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம், நூற்றுக்கணக்கான பசங்கள் பிழைப்பாகவே நினைத்திருந்த ஆட்டம், ஒரே அறிவிப்பில் போய்விட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு முகத்துவாரம்தான் ஞாபகம் வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வாய் திறந்திருந்தால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும், ஏரியில் வளரும், நம் வலையில் விழும். மணல் தள்ளி வாய் அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான். நீ எவ்வளவு பெரிய வலைகாரனாக இருந்தாலும், உன் பாடு வந்து நீ நல்ல இடத்தில் வலை கட்டினாலும், உள்ளே இறாலே இல்லையென்றால் என்ன கிடைக்கும்? அப்போது தப்பித்தவன் யார் என்று சங்கத்துப் பழைய பேரேட்டில் பார்த்தாலே தெரியும். சுத்து வலையோடு நண்டு வலையும் வைத்திருந்தவன், ஏரி போனால் கடலுக்குப் போகத் தெரிந்தவன், வீட்டில் பெண்கள் மீன் வாங்கிப் பொன்னேரி சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவன். இவர்கள் கணக்கில் மட்டும் அந்த மாசங்களிலும் வரவு இருக்கும். சுத்து வலை ஒன்றை மட்டும் நம்பியவன் பேருக்கு எதிரே கடன் பத்தியில்தான் எழுதியிருப்பேன்.

எஸ்8யூஎல்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்களிடம் ஏற்கனவே இன்னொரு வலை இருந்தது. ஆட்டத்தை ஆடுவது ஒன்று, ஆடுவதை யூடியூபில் லைவாகக் காட்டி, பேசி, சிரிக்க வைத்து ஆள் சேர்ப்பது இன்னொன்று. அனிமேஷ் அகர்வால் இப்படி வீடியோ போடுகிறவர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிற நிறுவனமும் நடத்துகிறார். பப்ஜி போனதும் இந்த வீடியோ பசங்கள் வாலரன்ட், ஜிடிஏ என்று வேறு கேம்களுக்குத் தாவினார்கள். பார்க்கிறவர்களும் கூடவே தாவினார்கள். பார்த்தவன் ஆட்டத்துக்காக வந்தவன் இல்லை, ஆளுக்காக வந்தவன் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சிவாஜி படம் பார்க்கப் போனோமே, கதை என்னவென்று கேட்டுவிட்டா போனோம்?

வருஷா வருஷம் கொடுக்கிற ஈ-ஸ்போர்ட்ஸ் விருதுகளில் 2022-இல் இவர்களுக்கு உலகத்தின் சிறந்த கன்டென்ட் குழு என்று விருது கிடைத்தது. அடுத்த இரண்டு தடவையும் அவர்களுக்கே. கவனியுங்கள், விருது ஆட்டத்துக்கு இல்லை, காட்டியதற்கு. "அப்போ இது விளையாட்டுக் கம்பெனியா, சினிமாக் கம்பெனியா?" என்று பேரனைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்தான் தாத்தா" என்றான்.

பப்ஜி கதையை முடித்துவிடுகிறேன். கொரிய நாட்டு கிராஃப்டன் கம்பெனி 2021 ஜூலையில் அதையே இந்தியாவுக்கென்று பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு ஆட்டம் தடைபட்டது. அந்த வருஷம் ஜூலை 28-ஆம் தேதி பிஜிஎம்ஐயையே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாசமே சவூதியில் ரியாத் நகரத்தில் உலகப் போட்டி. டீம் சோல் பசங்கள் அங்கே போய் ஆடினார்கள். சொந்த நாட்டில் இல்லாமல் போன ஆட்டத்தை, அந்த நாட்டுக் கொடியோடு. 2023 மே மாசம் ஆட்டம் திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று கட்டுப்பாடும் கூடவே வந்தது. (அந்த மூன்று மணி நேரம் எங்கள் வீட்டில் எப்படி ஐந்தானது என்பது தனிக் கதை. ஆயாவுடைய செல்போனுக்கு அதில் பங்கு உண்டு.)

ஆக மூன்று வருஷத்துக்குள் வாய் அடைத்தது, திறந்தது, மறுபடி அடைத்தது, மறுபடி திறந்தது. ஒரே கேமை நம்பிய டீம் எத்தனை இதைத் தாங்கும்? அதனால்தான் பெரியவர்கள் எல்லோரும் பல கேம்களில் கால் வைக்கிறார்கள். எஸ்8யூஎல் இப்போது போக்கிமான் யூனைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்று எனக்கு வாயில் நுழையாத பல கேம்களுக்கு டீம் வைத்திருக்கிறது. அது மட்டுமில்லை, செஸ்ஸும்!

செஸ் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2025-இல் எஸ்8யூஎல் இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை ஒப்பந்தம் செய்தது. ஒருவர் திருச்சூர்க்காரர் நிஹால் சரின். இன்னொருவர் நம் மதுரைக்காரர் அரவிந்த் சிதம்பரம். 2024-இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியிலும் 2025-இல் செக் நாட்டுப் பிராக் நகரப் போட்டியிலும் முதலிடம் பிடித்தவர். துப்பாக்கி ஆட்டம் ஆடுகிற கம்பெனிக்குச் செஸ் எதற்கு?

காரணம் ரியாத்தில் இருக்கிறது. அங்கே 2024-லிருந்து ஈ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை என்று நடத்துகிறார்கள். ஒரு கேம் இல்லை, இருபதுக்கும் மேலே. ஒவ்வொரு கேமிலும் வருகிற இடத்துக்குப் புள்ளி உண்டு. எந்தக் கிளப் எல்லாக் கேமும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கிறதோ அதற்குத் தனியாகச் சாம்பியன் பட்டம், 70 லட்சம் டாலர். நம் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் நீலம், சிவப்பு, பச்சை ஹவுஸுக்குக் கேடயம் கொடுப்பார்களே, அதே ஏற்பாடுதான். ஓட்டத்தில் மட்டும் ஆள் வைத்திருக்கிற ஹவுஸுக்குக் கேடயம் கிடைக்காது. கோ-கோவுக்கும் வேண்டும், கேரமுக்கும் வேண்டும். 2025-இல் அங்கே செஸ்ஸையும் சேர்த்தார்கள், கிளப்புகள் உடனே கிராண்ட்மாஸ்டர்களைத் தேடி ஓடின. நடத்துகிறவர்கள் அந்த வருஷம் உலகம் முழுக்க 40 கிளப்புகளைப் பொறுக்கிப் பண உதவி கொடுத்தார்கள். அதில் இந்தியாவிலிருந்து எஸ்8யூஎல் ஒன்றுதான்.

அந்தச் செஸ்ஸை நானும் பேரனும் சேர்ந்து அவன் செல்போனில் பார்த்தோம். ஜூலை கடைசி. காற்று அடித்தால் சிக்னல் போய்விடும், பாலத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிகிற ஆட்டம் அது ஒன்றுதான் என்பதால் நன்றாகப் பொழுது போயிற்று. தெலங்கானாப் பையன் அர்ஜுன் எரிகைசி நாலாவது வந்தார். அவர் ஆடியது கொரியாக் கிளப் ஒன்றுக்காக. ஜெயித்தது நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன். அவர் போட்டிருந்த சட்டையில் ஒரு குதிரைத் தலை. "அது டீம் லிக்விட் தாத்தா, நெதர்லாந்து" என்றான்.

டச்சுக்காரனா! பழவேற்காட்டுக்காரன் எவனுக்கும் டச்சுக்காரன் என்றால் காது தானாக நிமிரும். 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டியவர்கள். கல்லறையை இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். அவர்கள் துணி மட்டுமா வியாபாரம் செய்தார்கள்? இங்கே துணி வாங்கி, கிழக்கே கொண்டுபோய்க் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றி, அதை ஐரோப்பாவில் விற்று, நடுவில் மனிதர்களையும் அடிமைகளாகப் பிடித்துக் கப்பலேற்றி விற்றவர்கள். ஒரு சரக்கை நம்பி அவர்கள் இருந்ததே இல்லை. அந்த ஊர்க்காரன் வைத்த கிளப்பின் கதையைச் சொல் என்றேன்.

விக்டர் கூசென்ஸ் என்ற டச்சுக்காரர் 2000-இல் ஆரம்பித்தது டீம் லிக்விட். அப்போது ஸ்டார்கிராஃப்ட் என்ற ஒரே ஒரு கம்ப்யூட்டர் கேம்தான். சம்பளம் கிடையாது, சிநேகிதர்கள் கூட்டம். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு கேமைச் சுற்றியே இருந்தார்கள். 2012-இல் டோட்டா 2 என்ற கேமுக்கு டீம் வைத்தார்கள். 2015-இல் இன்னும் இரண்டு பெரிய கேம்கள். 2016-இல் அமெரிக்கப் பணக்காரர்கள் சேர்ந்து பெரும்பங்கை வாங்கினார்கள், கூடைப்பந்து மேஜிக் ஜான்சனும் அவர்களில் ஒருவர். அடுத்த வருஷம் டோட்டா 2 உலகப் போட்டியில் ஜெயித்து 1 கோடியே 8 லட்சம் டாலர் பரிசு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 70 கோடி ரூபாய். ரியாத் கிளப் பட்டியலில் 2024-லும் 2025-லும் சவூதியின் ஃபால்கன்ஸ் முதலிடம், லிக்விட் இரண்டாவது. இன்று அவர்கள் ஆடாத பெரிய கேம் குறைவு.

இங்கே ஒரு விஷயம் என்னைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தது. லிக்விட் அதே டோட்டா உலகப் போட்டியை 2024-இல் மறுபடி ஜெயித்தது. "2017-ல ஜெயிச்ச அஞ்சு பேர்ல எத்தனை பேர் 2024-ல இருந்தாங்க?" என்று கேட்டேன். பேரன் தேடிப் பார்த்தான். ஒருவர்கூட இல்லை. ஏழு வருஷத்தில் ஐந்து பேரும் மாறிவிட்டார்கள். சட்டை அதே, குதிரைத் தலை அதே, ஆள் வேறு.

அதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு என்று எனக்குப் பட்டது. கம்பெனிக்குப் பத்து வலை. ஒன்று கிழிந்தால் ஒன்பது இருக்கிறது. ஆடுகிற பையனுக்கு ஒரே வலை. பிஜிஎம்ஐயில் கை பழகியவன் நாளைக்குப் போய் டோட்டா ஆட முடியாது, அது வேறு ஆட்டம், மறுபடி அ-னா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிஜிஎம்ஐ மூடினால் கம்பெனி அந்த டீமைக் கலைத்துவிட்டு வேறு கேமில் வேறு பசங்களை எடுக்கும். கம்பெனி செய்வது தப்பில்லை. அதனால்தான் அது நிற்கிறது. ஆனால் கம்பெனி நிற்பதும் பையன் நிற்பதும் ஒன்று இல்லை.

இதில் செஸ்காரர்கள் மட்டும் தனி ரகம். அரவிந்தோடு எஸ்8யூஎல் ஒப்பந்தம் முடிந்தாலும் அரவிந்த் கிராண்ட்மாஸ்டர்தான். செஸ்ஸுக்கு முதலாளி கிடையாது. யாரும் ஒரு நாள் காலையில் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட முடியாது. மற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி உண்டு. அவன் விதியை மாற்றலாம், போட்டியை நிறுத்தலாம், அரசாங்கம் அவனை நிறுத்தலாம். கடலில் பிடிக்கிறவனுக்கும் இன்னொருவன் வெட்டிய இறால் குட்டையில் கூலிக்கு வேலை செய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்.

பல கேமில் பரவிவிட்டால் கம்பெனிக்கு ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃபேஸ் கிளான் என்று ஒன்று. 2010-இல் துப்பாக்கி ஆட்ட வீடியோ போட்ட பசங்கள் ஆரம்பித்தது. பல கேம், பாட்டுக்காரர்கள், சட்டை வியாபாரம் என்று பரவி, 2022 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்தபோது 70 கோடி டாலருக்கு மேல் மதிப்புச் சொன்னார்கள். அடுத்த வருஷமே பங்கு விலை ஒரு டாலருக்குக் கீழே. 2023 அக்டோபரில் கேம்ஸ்கொயர் என்ற இன்னொரு கம்பெனி அதை வாங்குவதாக அறிவித்தது. பரிசுப் பணம், சம்பளச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஸ்பான்சர்தான் சோறு போடுகிறான். அவன் கையை இழுத்துக்கொண்டால் பத்து வலையும் கரையில்தான் கிடக்கும். சங்கத்தில் மானியம் வந்த வருஷத்தை லாப வருஷம் என்று எழுதச் சொன்ன தலைவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம், "ரம்மி ஆடி எத்தனை குடும்பம் போச்சு, நீங்க போய் இதை நோட்டுப் போட்டு எழுதறீங்களே" என்று கேட்டார். நியாயமான பயம். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் சட்டம் போட்டே தடை செய்தது. அதே சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, திறமைப் போட்டி என்று ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே 2022 டிசம்பரில் விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். 2023-இல் சீனாவில் நடந்த ஆசியப் போட்டியில் மெடலும் கொடுத்தார்கள். நம் சென்னையிலிருந்தே ஸ்கைஈ-ஸ்போர்ட்ஸ் என்று ஒரு நிறுவனம் இந்தப் போட்டிகளைப் பெரிய அரங்குகளில் நடத்துகிறது. பிஜிஎம்ஐ தேசியப் போட்டி ஒன்றில் மொத்தப் பரிசு 2 கோடி ரூபாய். ஆகவே பையன் சூதாடுகிறான் என்று அடிக்காதீர்கள். பிழைப்பாகுமா என்று மட்டும் கேளுங்கள். அது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஐந்தாவது சாயங்காலம் நோட்டை மூடிவிட்டு அவனிடம் சொன்னேன். "நான் போகாதேன்னு சொல்லல. உன்னைக் கூப்பிடறவன் கிட்ட மூணு கேள்வி கேளு. பதில் எழுத்துல வரணும்."

முதலாவது, பரிசு வந்தால் பசங்களுக்கு எத்தனை பங்கு, கம்பெனிக்கு எத்தனை பங்கு. இரண்டாவது, ஆட்டம் தடைபட்டால் எத்தனை மாசம் சம்பளம் தொடரும், அவர்கள் வேறு கேமில் டீம் வைத்திருக்கிறார்களா. மூன்றாவதை அவன் எதிர்பார்க்கவில்லை. "நீ அங்க இருந்து வீடியோ போட்டா அந்தச் சேனல் யாருது? நீ வெளிய வந்தா அந்தப் பார்க்கிற ஜனம் உன்கூட வருமா, அவங்ககிட்டயே நின்னுடுமா?"

"தாத்தா, இதை எங்க கோச்சுகூடக் கேட்டிருக்க மாட்டாரு" என்றான்.

"கோச்சுக்கு எதுக்குடா? அவருக்கு மாசச் சம்பளம்."

மார்ட்டல் கதையில் நான் பார்த்தது அதுதான். ஆட்டம் இரண்டு தடவை போயும் அவர் போகாததற்குக் காரணம், பார்க்கிற ஜனம் அவர் கையில் இருந்தது. அது அவருடைய இரண்டாவது வலை. கம்பெனி பல கேமுக்குப் போகிறது என்றால், பையன் தனக்கென்று ஆட்டம் தவிர இன்னொன்று வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோ எடிட்டிங்கோ, போட்டி நடத்துகிற வேலையோ, தமிழில் கமென்ட்ரியோ. கமென்ட்ரி இவனுக்கு வரும். ஊர்த் திருவிழாவில் மைக்கைக் கொடுத்தால் விட மாட்டான். டிகிரியும் ஒரு வலைதான். பெரிய மீன் விழாது, ஆனால் கிழியாது.

அவன் சும்மா கேட்டுக்கொள்கிற பையனும் இல்லை. "நீ சொல்றது சரி தாத்தா. ஆனா எனக்கு இப்போ பதினெட்டு. இந்த ஆட்டத்துல மேல இருக்கறவங்க எல்லாம் இருபது, இருபத்திரண்டு. மூணு வருஷம் டிகிரி முடிச்சிட்டு வந்தா என் இடத்துல வேற பையன் இருப்பான். பாடு வர்ற அன்னைக்கு நீ வலை கட்டலைன்னா அடுத்த முறை எப்போ வரும்?"

என் ஏரியை எடுத்து என் மேலேயே வீசினான். எனக்கு உடனே பதில் வரவில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைப்பதுதான் பாடு. உன் முறையை நீ விட்டால் விட்டதுதான். மாப்பிள்ளை திண்ணையில் நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அவன் கேக்கறதுலயும் ஞாயம் இருக்குது மாமா" என்றார். அந்த ஐந்து நாளில் அவர் சொன்ன ஒரே வார்த்தை.

ஆக நேற்று நிலவரம் இது. பொன்னேரி அரசுக் கல்லூரிக்கு பி.காம். விண்ணப்பம் போட்டாகிவிட்டது. நான்தான் கூட உட்கார்ந்து நிரப்பினேன். ஆயா தனியாக மாதா கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள், எந்தப் பக்கத்துக்கென்று சொல்ல மாட்டேன் என்கிறாள். மூன்று கேள்வியும் இங்கிலீஷில் டைப் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியாகிவிட்டது. முதல் கேள்விக்குப் பதில் அன்றைக்கே வந்தது: பரிசில் எழுபது பங்கு பசங்களுக்கு, முப்பது டீமுக்கு, ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவதுக்கு, இப்போதைக்கு ஒரே கேம்தான், தடை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் ப்ரோ என்று பதில். மகள் அந்த 'ப்ரோ'வை இரண்டு தடவை படித்தாள்.

மூன்றாவதுக்கு இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. நாலு நாளாகிறது. காலேஜ் ராங்க் லிஸ்ட் இந்த வாரம் வரும் என்கிறார்கள். பேரன் விடியற்காலை அப்பாவோடு நண்டு வலை எடுக்கப் போயிருக்கிறான். செல்போனை என்னிடம் கொடுத்து, பதில் வந்தால் திறக்காமல் வைத்திரு தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனான்.